நாமமும் உரிமையும்: ஜார்ஜ் ஹாரிசனின் பக்தி இசை

1976ஆம் ஆண்டு நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வினோதமான ஒரு வழக்குக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது. வழக்குக்குக் காரணம் ஒரு பக்திப் பாடல். அந்தப் பாடலில் 'அல்லேலூயா' என்ற துதி வருகிறது. 'ஹரே கிருஷ்ணா' என்ற நாமாவளி வருகிறது. குருவை மும்மூர்த்திகளாகப் போற்றும், நம்மில் பலர் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த சம்ஸ்கிருத சுலோகமும் வருகிறது. இவற்றில் எதற்கும் எவரும் உரிமை கோரவில்லை, கோரவும் இயலாது. அந்த நாமங்களைச் சுமந்து நின்ற மெட்டு யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி.

பாடல் 'மை ஸ்வீட் லார்ட்'. பாடியவர் பீட்டில்ஸ் குழுவில் ஒருவராக இருந்த ஜார்ஜ் ஹாரிசன். மேற்கின் பாப் இசைக்குள் யோகத்தையும் நாம சங்கீர்த்தனத்தையும் கொண்டுவந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் சிக்கலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. பஜனை எவருக்கும் சொந்தமில்லாத ஒரு கலைவடிவம். இசைத்தட்டுத் தொழிலிலோ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. முன்னதைப் பின்னதற்குள் கொண்டுசென்ற மனிதர் என்ன ஆனார் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

ஹாரிசன் 1943இல் லிவர்பூலில் பிறந்தார். தந்தை பேருந்துத் தொழிலாளி. தாய்வழியில் கத்தோலிக்கக் குடும்பம். இளமையிலேயே தேவாலயத்திலிருந்து விலகிவிட்டார். இருபத்திரண்டு வயதில், உலகம் முழுதும் அறிந்த முகமாக ஆகிவிட்ட பிறகு, யோகம் அவரைத் தேடி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 1965 பிப்ரவரியில் 'ஹெல்ப்' திரைப்படத்தின் படப்பிடிப்புக்காகப் பீட்டில்ஸ் குழுவினர் பஹாமாஸ் தீவுகளில் இருந்தனர். அங்கே காவி உடுத்த ஒரு சந்நியாசி வந்து நால்வருக்கும் ஆளுக்கொரு யோகப் புத்தகம் கொடுத்தார். அன்று ஹாரிசனின் பிறந்தநாள். கொடுத்தவர் சுவாமி விஷ்ணுதேவானந்தர். ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் சீடர். அந்தச் சிவானந்தர் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர் என்பது நாமறிந்ததே. அதே படத்தின் உணவகக் காட்சி ஒன்றில் இந்திய வாத்தியக்காரர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களிடம் இருந்த சிதாரை ஹாரிசன் கையில் எடுத்துப் பார்த்ததும் அந்த நாட்களில்தான். யோகமும் இந்திய இசையும் ஒரே படப்பிடிப்பில், ஏறக்குறைய தற்செயலாக, அவரிடம் வந்து சேர்ந்தன.

அதன்பின் நடந்தவை தற்செயல் அல்ல. 1966இல் லண்டனில் பண்டிட் ரவிசங்கரைச் சந்தித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பம்பாய்க்கு வந்து அவரிடம் சிதார் கற்றார். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையும் விவேகானந்தரின் ராஜயோகமும் கைக்கு வந்தன. சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு, தம்மால் ஒருபோதும் சிறந்த சிதார் கலைஞராக முடியாது என்று உணர்ந்து கிதாருக்கே திரும்பினார். ஆனால் கற்ற இசை வீண்போகவில்லை. கிதார்த் தந்தியின் மேல் உலோகக் குழாயை வழுக்கவிட்டு வாசிக்கும் ஸ்லைடு முறையை அவர் தமதாக்கிக்கொண்டபோது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து செல்லும் இந்திய வழி அதில் வந்து அமர்ந்தது. 'மை ஸ்வீட் லார்ட்' பாடலின் தொடக்கத்தில் வரும் கிதாரை நம் காது அந்நியமாக உணராததற்கு அதுவே காரணம்.

1968இல் பீட்டில்ஸ் நால்வரும் ரிஷிகேசம் சென்று மகரிஷி மகேஷ் யோகியிடம் தங்கியது பெரும் செய்தியாயிற்று. ஹாரிசனைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய திருப்பம் வேறிடத்தில் நிகழ்ந்தது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மகரிஷியின் முறையில் மந்திரம் ரகசியமானது. குருவிடமிருந்து தனியே பெற்று, வாய்திறவாமல் உள்ளுக்குள் ஜபிக்க வேண்டியது. நாம சங்கீர்த்தனம் இதற்கு நேர் எதிர். அது தெருவுக்கு உரியது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூடியிருப்போர் அனைவரும் உரக்கத் திருப்பிப் பாடுவது. தகுதி, தீட்சை எதுவும் முன்நிபந்தனை இல்லை. நல்ல குரல்கூட வேண்டியதில்லை. வங்கத்தில் பதினாறாம் நூற்றாண்டில் சைதன்யர் பரப்பிய இவ்வழியை, 1965இல் ஒரு சரக்குக் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கிய பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதர் அமெரிக்கத் தெருக்களுக்குக் கொண்டுவந்தார். அவர் அங்கே பதிவுசெய்த கீர்த்தன இசைத்தட்டு பீட்டில்ஸ் கைக்கும் கிடைத்தது. 1967 கோடையில் கிரேக்கத் தீவுகளிடையே படகில் சென்றபோது ஜான் லென்னனும் ஹாரிசனும் சிறு கிதார் போன்ற யூக்குலேலேயை மீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அந்த நாமத்தைப் பாடியதை ஹாரிசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1969இல் லண்டனுக்கு வந்த கிருஷ்ண பக்தர்கள் சிலரை ஹாரிசன் ஸ்டூடியோவுக்கு அழைத்து, அந்த மகாமந்திரத்தைத் தம் தயாரிப்பில் பதிவுசெய்தார். வெளியிட்டது பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம். தலைமழித்துக் காவியுடுத்த இளைஞர்கள் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் பிரபல பாப் நிகழ்ச்சியில் பாடினார்கள். இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை ஏறியது. அதில் ஹாரிசன் முன்னால் நிற்கவில்லை. வாத்தியம் வாசித்துப் பின்னணியில் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். கடைசியில் அவர் திரும்பி வந்து சேர்ந்தது இந்த இடத்துக்குத்தான்.

அதே ஆண்டு டிசம்பரில், நண்பர்களின் குழுவொன்றோடு இசைப்பயணம் சென்றிருந்தபோது, கோபன்ஹேகனில் 'மை ஸ்வீட் லார்ட்' உருவாகத் தொடங்கியது. கறுப்பினத் தேவாலய மரபிலிருந்து வந்து அவ்வாண்டு உலகெங்கும் ஒலித்த 'ஓ ஹாப்பி டே' என்ற பாடல்தான் தூண்டுதல் என்று ஹாரிசன் கூறினார். தேவாலயப் பாடலுக்கும் நம் பஜனைக்கும் கட்டுமானம் ஒன்றே: எடுத்துக்கொடுக்கும் ஒரு குரல், பதில் சொல்லும் பல குரல்கள். இந்த ஒற்றுமையை அறிவால் மட்டுமல்லாமல் காதால் கண்டுகொண்டதே ஹாரிசனின் மேதைமை என்று நாம் கருதுகிறோம். பாடலின் முற்பகுதியில் குழுவினர் அல்லேலூயா என்கிறார்கள். கேட்பவர் காலால் தாளம் போட ஆரம்பித்த பிறகு, அதே மெட்டில், அதே இடத்தில் ஹரே கிருஷ்ணா நுழைகிறது. கேட்பவர் தம்மையறியாமல் அதையும் சேர்ந்து பாடிவிடுகிறார். இதைத் திட்டமிட்டே செய்ததாக ஹாரிசன் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

1970 நவம்பரில் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்ற மூன்று தட்டுத் தொகுப்போடு இப்பாடல் வெளிவந்து, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றது. பீட்டில்ஸிலிருந்து தனியே வந்தவர்களில் முதலிடத்தைத் தொட்ட முதல் பாடல் அது. பீட்டில்ஸ் தொகுப்புகளில் பெரும்பாலும் ஓரிரு பாடல்களுக்கு மேல் இடம் கிடைக்காதிருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இங்கே சிறிய தகவல் ஒன்று. பாடலில் நமக்குக் கேட்கும் அந்தப் பெரிய பக்தர் குழாத்தின் பெயர் தட்டின் உறையில் 'ஜார்ஜ் ஓஹாரா-ஸ்மித் பாடகர்கள்' என்று அச்சாகியிருக்கிறது. அப்படியொரு குழு கிடையாது. பெரும்பாலும் ஹாரிசன் தம் குரலையே மீண்டும் மீண்டும் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உண்டாக்கிய கூட்டம் அது. எடுத்துக்கொடுப்பவரும் அவரே, பதில் பாடுபவரும் அவரே. ஆளில்லாத ஊரில் தனியாக ஒருவர் நடத்திய பஜனை. அந்த ஊர் பிறகுதான் உருவாயிற்று. உலகம் முழுதும் வானொலிகளின் முன்னே.

வழக்கு 1971லேயே தொடுக்கப்பட்டது. 1963இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிப் புகழ்பெற்ற 'ஹீ இஸ் ஸோ ஃபைன்' என்ற காதல் பாடலின் மெட்டை ஹாரிசன் எடுத்துக்கொண்டார் என்பது அதன் உரிமை நிறுவனத்தின் குற்றச்சாட்டு. அப்பாடலை இயற்றிய ரானி மாக் என்ற இளைஞர் பாடல் வெளிவந்த ஆண்டிலேயே இறந்துவிட்டிருந்தார். 1976இல் தீர்ப்பளித்த நீதிபதி ரிச்சர்ட் ஓவன், தாமே இசை அமைப்பவர். அவர் இரு பாடல்களையும் ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்துப் பார்த்தார். சர்ச்சைக்குரிய முதல் சொற்கட்டு நம் கணக்கில் ப-க-ரி; இரண்டாவது ப-த-ச-த-ச. இரண்டுமே மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. மோகனம் பாடும் எவரும் ப-க-ரி என்று இறங்காமலிருக்க முடியாது. அதற்காக யார் மீதும் யாரும் வழக்குப் போட்டதில்லை.

ஆனால் நீதிபதிக்கு நியாயம் செய்ய வேண்டும். தனித்தனிச் சொற்கட்டுகள் பொதுச்சொத்து என்பதை அவர் அறிந்தே இருந்தார். முதல் சொற்கட்டை நான்கு முறையும், அதைத் தொடர்ந்து இரண்டாவதை அதேபோல் அடுக்கியும் பாடும் அந்த அமைப்பு, அதில் இடையே வரும் ஒரு சிறு அலங்கார ஸ்வரம் உட்பட, இரு பாடல்களிலும் ஒன்றாக இருந்தது. ஹாரிசன் வேண்டுமென்றே திருடவில்லை, ஆனால் முன்பு கேட்ட பாடல் ஆழ்மனத்தில் தங்கியிருந்து தன்னை அறியாமல் வெளிவந்துவிட்டது. சட்டத்தின் பார்வையில் அதுவும் மீறலே என்பது தீர்ப்பு. பின்னர் நடந்தது இன்னும் கசப்பானது. ஹாரிசனின் முன்னாள் மேலாளரான ஆலன் க்ளைன், ஒருகாலத்தில் இதே வழக்கில் ஹாரிசன் பக்கம் நின்றவர், 1978இல் அந்த உரிமை நிறுவனத்தையே 5,87,000 டாலருக்கு வாங்கி எதிர்த்தரப்பாகிவிட்டார். 16 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக நஷ்டஈட்டைக் கணக்கிட்ட நீதிமன்றம், க்ளைன் இதில் லாபம் பார்க்கக் கூடாது என்று கருதி, அவர் கொடுத்த விலையை மட்டும் செலுத்தினால் போதும் என்று 1981இல் ஆணையிட்டது. வழக்கின் வால் 1990கள் வரை நீண்டது.

இறைவனின் பெயரைச் சொல்லும் ஒரு பாடலுக்கு இருபதாண்டுக் கால வழக்கு. இதில் நகைப்புக்கு இடமுண்டு. ஹாரிசனே 1976இல் கேலிப்பாடல் ஒன்றும் எழுதினார். ஆயினும் அவரை அது உலுக்கியது. புதிதாக மெட்டமைக்க உட்காரும்போதெல்லாம் இது யாருடையதோ என்ற அச்சம் வந்தது என்று அவரே சொன்னார். 'ஐ மீ மைன்' என்பது பீட்டில்ஸின் கடைசிக் காலத்தில் அவர் எழுதிய பாடல்; 1980இல் வந்த அவருடைய நூலுக்கும் அதுவே தலைப்பு. 'நான்', 'எனது' என்ற இரண்டின் செருக்கையும் அறுப்பது பற்றித் திருக்குறளின் துறவு அதிகாரம் பேசுகிறது. அதே செருக்கைப் பழித்துப் பாடிய கலைஞரை, எது உன்னுடையது எது மற்றவருடையது என்று நீதிமன்றம் நிறுத்திவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஹாரிசனைத் துறவியாக்கிக் காட்டுவது நம் நோக்கமல்ல. ஆக்ஸ்போர்டுஷயரின் ஹென்லியில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஃப்ரையர் பார்க் மாளிகையில் வாழ்ந்தவர் அவர். வரி வசூலிப்பவரைச் சபித்துப் பாடியவர். 1970களின் நடுவில் மதுவும் போதையும் அவரைப் பற்றியிருந்தன. ஆனால் உரிமை என்ற கேள்வியை அவர் வெறும் பாட்டாக விட்டுவிடவில்லை. 1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரின் வேண்டுகோளுக்கிணங்கி வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடத்திய நிகழ்ச்சி, பாப் உலகின் பெரும் நிவாரணக் கச்சேரிகளுக்கு முன்னோடியாயிற்று. 1973இல் ஓர் அறக்கட்டளை நிறுவி, 'லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்' தொகுப்பின் பெரும்பாலான பாடல்களின் உரிமையை அதற்கே எழுதிவைத்தார். அதே ஆண்டு லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய பண்ணை வீட்டை வாங்கிக் கிருஷ்ண பக்தர்களிடம் கொடுத்தார். பக்திவேதாந்த மேனர் என்ற பெயரில் அது கோயிலாயிற்று.

1974 அவருக்குச் சோதனையான ஆண்டு. பீட்டில்ஸில் இருந்த ஒருவர் வட அமெரிக்காவில் முதன்முதலாகச் சுற்றுப்பயணம் செய்கிறார் என்று ரசிகர்கள் ஆவலோடு காத்திருந்தனர். அவர்கள் கேட்க விரும்பியது பழைய பாடல்களை. ஹாரிசன் அழைத்து வந்ததோ ரவிசங்கரையும் இந்திய இசைக் கலைஞர்களின் பெரிய குழுவையும். போதாததற்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. பெரும்பாலான இரவுகளில் கரகரத்த குரலில் பாடினார். கிருஷ்ணா, கிறிஸ்து, புத்தர் என்ற பெயர்களைச் சேர்ந்து சொல்லுங்கள் என்று அரங்கைக் கேட்டுக்கொண்டார். அரங்கு பலவேளைகளில் பதில் சொல்லவில்லை. ரவிசங்கர் நடுவழியில் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். நான்காண்டுகளுக்கு முன் ஸ்டூடியோவில் தம் குரலையே அடுக்கிக் கூட்டத்தை உண்டாக்கியவருக்கு, உண்மையான கூட்டம் முன்னால் இருந்தபோது ஒரு குரலும் இல்லாமற்போயிற்று. பஜனையில் எடுத்துக்கொடுப்பவர் பாதிதான். மறுபாதி கேட்பவரிடம் இருக்கிறது. காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவரிடம் அந்த மறுபாதியைக் கேட்டுப் பெற முடியாது. ஹாரிசன் அதன்பின் 1991இல் ஜப்பானுக்குச் சென்றது தவிர வேறு இசைப்பயணம் மேற்கொள்ளவில்லை.

இந்தக் கதையின் அடுத்த முக்கியமான இடம் நமக்கு மிக அருகில் இருக்கிறது. 1996இன் முற்பகுதியில், சென்னை என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, மதராஸில் ரவிசங்கர் ஒரு பதிவை மேற்கொண்டார். வேத, உபநிடத மந்திரங்களும் பிரார்த்தனைகளும், அவற்றோடு அவரே புதிதாக அமைத்த சில பாடல்களும். பாடியவர்களும் வாசித்தவர்களும் இந்நகரத்துக் கலைஞர்கள். எஞ்சிய பகுதி அவ்வாண்டு கோடையில் ஃப்ரையர் பார்க்கில் பதிவாயிற்று. 1997இல் 'சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற பெயரில் வெளிவந்த இத்தொகுப்பின் தயாரிப்பாளர் ஜார்ஜ் ஹாரிசன். கிதாரும் வேறு சில வாத்தியங்களும் வாசித்திருக்கிறார். குழுவினரோடு சேர்ந்து பாடியும் இருக்கிறார். ஆனால் எந்தக் குரல் அவருடையது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நமக்கு இந்தத் தொகுப்பு மிகவும் பிடிக்கும், காரணம் இதுதான். இசை ஆடம்பரமற்றது. மந்திரத்தின் உச்சரிப்பை மூடிவிடாமல் வாத்தியங்கள் ஒதுங்கி நிற்கின்றன. 'மை ஸ்வீட் லார்ட்' பாடலில் நாமம் ஒரு மனிதரின் ஏக்கத்துக்குத் துணையாக வந்தது. அங்கே 'நான்' இருந்தது, காண விரும்பியது, தாமதத்துக்காக வருந்தியது. இங்கே ஏங்குபவர் யாரும் இல்லை. 1969இல் பக்தர்களின் பின்னால் அமர்ந்து வாத்தியம் வாசித்த இடத்துக்கு, இருபத்தேழு ஆண்டுகள் சுற்றி, அவர் திரும்பி வந்துவிட்டார். இத்தொகுப்பை அறிமுகப்படுத்த ரவிசங்கரோடு 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு வந்தவர், கேட்டுக்கொண்டதன் பேரில் கிதாரை எடுத்துச் சில பாடல்கள் பாடினார். ரவிசங்கர் இத்தொகுப்புக்காக அமைத்த 'பிரபுஜீ'யும் அவற்றில் ஒன்று. தொலைக்காட்சியில் அவர் பாடியது அதுவே கடைசி முறை. அவ்வாண்டே தொண்டையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது.

1999 டிசம்பர் 30 அதிகாலை, மனநிலை பிறழ்ந்த ஒருவர் கத்தியோடு ஃப்ரையர் பார்க்குக்குள் புகுந்தார். மாடிப்படியில் நின்ற ஹாரிசன் அவரைத் திகைக்க வைப்பதற்காக உரத்த குரலில் ஹரே கிருஷ்ணா என்று கத்தியதாகப் பின்னர் வாக்குமூலத்தில் தெரிவித்தார். கத்தி நுரையீரல் வரை இறங்கியது. மனைவி ஒலிவியா கையில் கிடைத்ததை எடுத்துத் தாக்கியவரை அடித்துக் கணவரைக் காப்பாற்றினார். முப்பதாண்டுகளாக மெட்டுக்குள் இருந்த நாமம், மெட்டில்லாமல், மரணத்தின் முன்னே, தொண்டையிலிருந்து நேராக வந்தது. அது எவருடைய பதிப்புரிமைக்கும் உட்பட்டதல்ல.

2001 நவம்பர் 29இல் ஹாரிசன் காலமானார். அடுத்த ஜனவரியில் 'மை ஸ்வீட் லார்ட்' மறுவெளியீடாகிப் பிரிட்டனில் மீண்டும் முதலிடம் பெற்றது. அவர் விட்டுச்சென்ற பதிவுகளை மகன் தானியும் நண்பர் ஜெஃப் லின்னும் முடித்து, 2002இல் 'பிரெயின்வாஷ்ட்' என்ற தொகுப்பாக வெளியிட்டனர். அதன் இறுதிப்பாடல் நிறுவனங்களையும் விளம்பரங்களையும் நையாண்டி செய்தபடி செல்கிறது. நடுவே பதஞ்சலியின் யோக சூத்திரங்களுக்கான ஓர் ஆங்கில நூலிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது. முடிவில் பாட்டு நின்று, பார்வதி பதியைப் போற்றும் நாமாவளி தொடங்குகிறது. பாடுபவர்கள் இருவர்: தந்தையும் மகனும்.

அவருக்குப் பின் இவ்வழியில் பலர் வந்தார்கள். 1998இல் மடோனா 'ரே ஆஃப் லைட்' தொகுப்பில், சங்கரர் பெயரால் வழங்கும் யோகதாராவளியிலிருந்து எடுத்த சம்ஸ்கிருத வரிகளை நடன இசையில் பாடினார். பெலிண்டா கார்லைல் 2017இல் குண்டலினி யோகத்தின் குர்முகி மந்திரங்களைக் கொண்டு ஒரு முழுத் தொகுப்பே வெளியிட்டார். மேற்கின் யோகக் கூடங்களில் இன்று கீர்த்தனம் சாதாரணமான ஒன்று. மந்திரத்தைப் பாப் இசையில் சேர்ப்பது இப்போது கடினமில்லை. அதைச் சேர்த்தபின் பாடகர் சற்று விலகி நிற்பது இன்றும் கடினமாகவே இருக்கிறது.

'ஆளில்லாத ஊரில் நடத்திய பஜனை' என்று மேலே சொன்னோம். அந்தக் கடைசித் தட்டில் ஹாரிசன் எடுத்துக்கொடுத்த நாமத்துக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். பஜனைக்கு அது போதும்.